இடியனா, சொட்கனா? ஒரு மாணவன் கேட்ட கேள்வியும் எமதூர்க் காட்டின் கதையும்



விடத்தல்தீவு, பெரியமடு உறவுகளுக்கும், புத்தளத்திலேயே தங்கிவிட்ட எமது சொந்தங்களுக்கும், எமதூரின் கத்தோலிக்க, இந்து சகோதரர்களுக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வகுப்பில் போர்த்துக்கேயர் வருகையைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1505, கொழும்பு, பீரங்கி என்று போய்க்கொண்டிருந்தபோது பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பினான். "சேர், மானுக்கு இடியன் நல்லமா, சொட்கன் நல்லமா?" வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். அவன் ஏன் கேட்டான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் கேள்விக்குப் பதில். ஆசிரியர் என்றால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்.

*சொல்லிலிருந்து தொடங்குவோம்*

நாம் "துவக்கு" என்கிறோம். இந்தியத் தமிழர் "துப்பாக்கி" என்கிறார்கள். சிங்கள மக்கள் "துவக்குவ" என்கிறார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: துருக்கியரின் "துஃபெக்". பாரசீகம் வழியாகவும் கடல் வணிகர் வழியாகவும் வந்து சேர்ந்த சொல் அது. ஆயுதத்தைப் போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னாலும், பெயரைக் கொண்டுவந்தது இந்துமா கடலின் முஸ்லிம் உலகம்.

இந்தக் கடலில் துவக்கு முழங்கியதும் நேற்று இன்றல்ல. 1538இல் எமக்கு நேரே அக்கரையில், மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள வேதாளையில், மரைக்காயர்களின் கப்பற்படையும் போர்த்துக்கேயரும் மோதினார்கள். மரைக்காயர்கள் தோற்றார்கள். 1560இல் மன்னார் போர்த்துக்கேயர் கைக்குப் போனது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு. இந்தக் காலத்துக்குள் இலங்கைக் கொல்லர்கள் துவக்குச் செய்வதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். போர்த்துக்கேய எழுத்தாளர்களே அவர்கள் வேலையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். இன்று வன்னிக் காட்டோரம் பிடிபடும் நாட்டுத் துவக்கு அந்தப் பழைய கொல்லுத் தொழிலின் கடைசிப் பேரன்.

எமது சமூகத்துக்கு வேட்டை என்றால் துவக்குத்தான் என்றும் நினைக்கக் கூடாது. 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்ட் அவர்களின் நூல், வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழ்ந்த "பணிக்கர்" என்னும் யானை பிடிப்பவர்களைப் பற்றிச் சொல்கிறது. அவர்கள் கையில் துவக்கு இல்லை. மரைத் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய ஒரு கயிறு மட்டும். காற்று வீசும் திசை, யானை கால் வைக்கும் விதம், காட்டின் சத்தம் ஆகியவற்றைப் படித்தே உயிரோடு பிடித்தார்கள். அந்த யானைகள் இந்திய மன்னர்களுக்கு விற்பனையாகின. காட்டை அறிந்தவனுக்கு ஆயுதம் இரண்டாம் பட்சம் என்பதற்கு எம் முன்னோரே சாட்சி.

*இடியன்*

வாயால் மருந்தை இட்டு, தும்பு வைத்து, கம்பியால் இடித்து, சன்னமோ குண்டோ போட்டு, மறுபடி தும்பு வைத்து, மறுபடி இடிப்பதால் அது இடியன். ஒரு வெடிக்குப் பிறகு இவ்வளவு வேலையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற ஐரோப்பியச் சிப்பாய் அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டான். இருட்டில், மரத்துப் பரணில் குந்தியிருக்கும் வேட்டைக்காரனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மான் பள்ளமடுவைத் தாண்டிவிடும்.

பழைய இடியனில் சக்கிமுக்கிக் கல் அடித்து, கிண்ணியில் உள்ள மருந்து பற்றி, அதன் பிறகுதான் வெடிக்கும். அந்த இடைவெளியில் மிருகம் வெளிச்சத்தைக் கண்டு துள்ளிவிடும். ஸ்கொட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஒரு பாதிரியார் இருந்தார். தாரா வேட்டைப் பிரியர். பறவைகள் கிண்ணிப் பொறியைக் கண்டு தப்பிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. தட்டினாலே வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தும் முறையை 1807இல் காப்புரிமை செய்தார். பின்னாளில் இடியனில் வந்த "கேப்பு" அந்த யோசனையின் பிள்ளை. போர்களின் முகத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு தாராவுக்காகப் பிறந்தது.

ஆனாலும் இடியனுக்கு மாரி ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மருந்து குளிர்ந்துவிடும். வெடித்தாலும் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும், பட்டதா இல்லையா என்று தெரியாது. குழலுக்குள் வரி இல்லாத இடியனில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் குண்டு போகும் இடத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே கிட்டப் போக வேண்டும். கிட்டப் போக வேண்டும் என்றால் காற்றையும் காலடியையும் தெரிந்திருக்க வேண்டும். கோடையில், தண்ணீர் வற்றும் காலத்தில், தண்ணீர் ஓரம் காத்திருக்க வேண்டும். எமது சுற்றுவட்டாரப் பெயர்களைப் பாருங்கள்: பெரியமடு, பள்ளமடு, பாப்பாமோட்டை, ஆத்திமோட்டை. மடுவும் மோட்டையும் எல்லாம் தண்ணீரின் பெயர்கள். மனிதர் குடியிருக்கும் முன்பே மானும் மரையும் அறிந்திருந்த இடங்கள் அவை.

*சொட்கன்*

1830களில் பாரிஸில் லெஃபோஷோ என்பவர் குழலைப் பின்னால் மடித்துத் திறந்து தோட்டாப் போடும் துவக்கைச் செய்தார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்குள் இன்றைய சொட்கனின் உருவம் வந்துவிட்டது. மருந்து, தக்கை, சன்னம், கேப்பு எல்லாம் ஒரே தோட்டாவுக்குள். இடிப்பு இல்லை. மாரியிலும் வெடிக்கும். 1884இல் பிரான்ஸில் புகையில்லா மருந்து வந்த பிறகு புகைத் தொல்லையும் போனது.

இலங்கையில் நாம் அறிந்தது 12 போர். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை அடங்கும் குழல் என்பதே அந்த எண்ணின் பொருள். எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு ஒன்பது பெரிய சன்னங்கள் இருக்கும். முப்பது, நாற்பது மீட்டருக்குள் மானுக்குப் போதும். அதைத் தாண்டினால் சன்னங்கள் பரவி ஒன்றிரண்டு மட்டும் படும். காயத்தோடு மான் ஓடிப்போய் எங்கோ பற்றைக்குள் கிடந்து சாகும். ஒருவருக்கும் பயன் இல்லை.

இந்தக் குறைக்காகத்தான் ஒற்றைக் குண்டுத் தோட்டா, அதாவது ஸ்லக் வந்தது. 1898இல் ஜேர்மனியில் வில்ஹெல்ம் பிரெனெக்கே ஒன்றைச் செய்தார். 1931இல் அமெரிக்காவில் கார்ல் ஃபொஸ்டர் இன்னொன்றைச் செய்தார். ஏறத்தாழ 28 கிராம் ஈயம் ஒரே கட்டியாகப் போகும். சாதாரண சொட்கனிலிருந்தே எழுபது, எண்பது மீட்டர் வரை நம்பிச் சுடலாம். பட்டால் மான் நின்ற இடத்தில் விழும்.

ஆக, மாணவனுக்குப் பதில் இது: ஆயுதம் என்று மட்டும் பார்த்தால் ஸ்லக் போட்ட சொட்கன் பழைய இடியனை எல்லா வகையிலும் வெல்லும். தூரம், வேகம், மழை, இரண்டாவது வெடி, எல்லாவற்றிலும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நாம் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டோம்.

*மெதுவான துவக்கு மானைக் காத்ததா?*

"இடியன் காலத்தில் காடு நிறைய மான் இருந்தது. சொட்கன் வந்துதான் அழிந்தது" என்று எமது மூத்தவர்கள் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. ஒரு வெடிக்கு ஒரு மான், தவறினால் வெறுங்கை. அந்த ஒரு நிமிடத் தாமதம்தான் எழுதப்படாத சட்டமாக இருந்தது.

மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பதிவாகியிருக்கிறது. அவர் காலத்தில் இருந்தது இடியன்தான். நுவரெலியாவில் குடியேறி வேட்டை நூல்கள் எழுதிய சாமுவேல் பேக்கரும் வாயால் மருந்திடும் துவக்குகளோடுதான் காடு போனார். எப்படி முடிந்தது? கூட வரும் ஆட்கள் நிரப்பிய இரட்டைக்குழல் துவக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் கொடுப்பார்கள். மெதுவான துவக்கு ஏழைக்குத்தான் மெதுவானது. பணம் உள்ளவனுக்கு ஆள் இடித்துக் கொடுத்தான்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1891இல் யானை, எருமை, வேட்டை மிருகங்களைக் கண்டபடி அழிப்பதைத் தடுக்க ஒரு சட்டம். 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம். அதை அமைத்தவர்களில் பெரும்பாலானோர் தாமே வேட்டைக்காரர்களான தோட்டத்துரைமார். அவர்கள் குற்றஞ்சாட்டியது தோலுக்கும் இறைச்சிக்கும் சுடும் கிராமத்தவனை. இரு தரப்பிலும் தவறு இருந்தது. விளையாட்டுக்குச் சுட்டவரும் அழித்தார், விலைக்குச் சுட்டவரும் அழித்தார். 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டில், 1916இன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது என்ற நிலை அதிலிருந்து தொடர்கிறது. வயலைப் பன்றியிலிருந்து காக்கும் விவசாயியின் சொட்கனும் அந்தப் பத்திரத்தில்தான் நிற்கிறது. 1937இன் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. இன்று மானோ மரையோ சுடுவது எந்தத் துவக்கால் என்றாலும் குற்றம். கட்டுக்கரைக்குளம் ஒரு சரணாலயம். எமது ஊர்க் கரையும் கண்டலும் 2016இலிருந்து விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம். நாம் வாழ்வது காவல் நிலத்தின் வாசலில்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் உதவும். அமெரிக்காவில் 1900 அளவில் வெண்வால் மான்கள் சுமார் ஐந்து இலட்சமாகக் குறைந்துவிட்டன என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு பருவக் கட்டுப்பாடு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு, இறைச்சி வியாபாரத் தடை எல்லாம் வந்து இன்று சுமார் மூன்று கோடி. ஒஹையோ, இல்லினோய் போன்ற சமநில மாநிலங்களில் மான் வேட்டைக்கு ரைஃபிளை நீண்டகாலம் விடவில்லை. குண்டு தூரம் போய் பக்கத்துத் தோட்டத்து மனிதரைத் தாக்கும் என்பதால் சொட்கன் ஸ்லக்குக்கும் இடியனுக்கும் மட்டும் இடம் கொடுத்தார்கள். இடியனுக்கெனத் தனிப் பருவமும் ஒதுக்கினார்கள். மெதுவான ஆயுதம், பொறுமையான வேட்டை என்பது எண்ணம். மனிதன் விட்டானா? 1985இல் டோனி நைட் என்பவர் புதுமாதிரி இடியன் ஒன்றைச் சந்தைக்கு விட்டார். இன்றைய அவ்வகை இடியன்கள் தொலைநோக்கியும் வரிக்குழலுமாகச் சொட்கன் ஸ்லக்கை விடவும் தூரம் சுடுகின்றன. பெயர் இடியன், வேலை ரைஃபிள். பொறுமையைச் சட்டத்தால் ஆயுதத்துக்குள் வைத்தாலும் மனிதன் அதை வெளியே எடுத்துவிடுகிறான். ஆகவே காவல் ஆயுதத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

*கத்தியோடு ஓடிய காலம்*

இனி எமது சமூகத்துக்கு மட்டும் உரிய ஒரு விடயம். ஆங்கிலேய வேட்டை நூல்களில் இது இராது.

அதிய்யு இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள் வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட ஹதீஸை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூரான முனை குத்தி இறந்தது ஆகும், பக்கவாட்டில் அடிபட்டு இறந்தது ஆகாது என்பது அதன் கருத்து. தண்ணீரில் கிடந்தால் உண்ணாதே, கொன்றது உன் அம்பா தண்ணீரா என்று உனக்குத் தெரியாது என்றும் அதில் வருகிறது. மோட்டைக் கரையில் காத்திருந்து சுட்ட எமது ஆட்களுக்கு இதைவிட நேரடியான பாடம் எது?

துவக்கு வந்தபோது சட்ட அறிஞர்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அரபியில் "புந்துக்" என்பது முதலில் வில்லில் வைத்து எறியும் களிமண் உருண்டை. அது கிழிக்காது, நசுக்கிக் கொல்லும், எனவே ஆகாது என்று பழைய ஃபிக்ஹு நூல்கள் சொல்லின. பின்னாளில் துவக்கின் குண்டுக்கும் அதே சொல்லே வந்து ஒட்டிக்கொண்டது. குண்டு நசுக்குகிறதா, துளைக்கிறதா? யெமன் நாட்டு இமாம் ஷவ்கானி போன்றோர் அது துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அறுக்காமல் குண்டால் மட்டும் இறந்ததை ஆகாது என்ற பேணுதலே நிலைத்தது.

அதனால்தான் எமது வேட்டைக்காரர்கள் சுட்டதும் கத்தியை உருவிக்கொண்டு ஓடினார்கள். உயிர் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். பிந்தினால் இறைச்சியை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பிய கதைகள் எமதூரில் நிறைய உண்டு. ஆக, எமது ஆட்களுக்கு இடியனா, ஸ்லக்கா என்ற கேள்வியே வேறு. நின்ற இடத்தில் கொல்லும் ஸ்லக் மற்றவர்களுக்கு வரம். எமக்கோ கத்தி போய்ச் சேரும் முன் உயிர் போய்விடும். கிட்ட நின்று சுட வேண்டிய பழைய இடியன் கத்திக்கும் கிட்டவே இருந்தது. நல்ல வேட்டைக்காரன் என்றால் நன்றாகச் சுடுபவன் அல்ல, அறுக்க முடியாத தூரத்தில் சுடாமல் விடுபவன்.

*மனிதன் இல்லாத துவக்கு*

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் நாமும் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களுக்கு எமது மூத்தவர்கள் காட்டைக் கொண்டுபோக முடியவில்லை, கதைகளை மட்டும் கொண்டுபோனார்கள். 2009க்குப் பிறகு திரும்பியவர்களில் பாதிப் பேர் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள். காட்டை விட்டிருந்த அந்த இருபது வருடத்தில் காட்டு ஒழுக்கத்தைக் கைமாற்றும் சங்கிலி அறுந்துபோனது என்பது எமது எண்ணம். மற்றச் சமூகத்து உறவுகளும் இடம்பெயர்ந்து அலைந்தவர்கள்தான். அவர்கள் வீட்டிலும் இதே கதைதான்.

அந்த வெற்றிடத்தில் வந்து நிற்பது கட்டுத்துவக்கு. பழைய இடியனே அது. மரத்தில் கட்டி, மிருகம் வரும் பாதையில் கம்பியோ நூலோ இழுத்துவிட்டு, மனிதன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறான். இடியனின் நல்ல குணங்கள் எவை என்று மேலே சொன்னோம்? பொறுமை, கிட்டப் போதல், பார்த்துச் சுடுதல். கட்டுத்துவக்கில் மூன்றும் இல்லை. பார்க்கும் கண் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லும் நாவு இல்லை. அறுக்க ஓடும் கால் இல்லை. விடியப் போய் எடுப்பது எப்போதோ செத்த உடல். அது ஆகுமா என்று உங்கள் பள்ளி ஆலிமிடமே கேளுங்கள். தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கில்லை, ஆனால் பதில் என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அது மானா, பன்றியா, மாடா, மனிதனா என்றும் பார்க்காது. பன்றி உயரத்துக்குக் கட்டுவதால் மனிதரில் படுவது காலில். அநுராதபுரம் போன்ற மாவட்டங்களின் வைத்தியர்கள் இந்தக் கால் காயங்களைப் பற்றி மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதும் அளவுக்கு இது இலங்கையில் பழகிப்போன காயம்.

இனி அந்த மாணவன். பாலைப்பழக் காலத்தில் அவனுடைய மாமா காட்டோரம் பழம் பொறுக்கப் போயிருக்கிறார். கம்பி காலில் தட்டியது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டியவர் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டியவரும் இந்த ஊர்தான், பட்டவரும் இந்த ஊர்தான். பையன் கேட்ட கேள்வி மானைப் பற்றியதே அல்ல. மாமாவின் காலைக் கொண்டுபோனது எந்தச் சாமான் என்று விளங்கிக்கொள்ளப் பார்த்தான். வகுப்போடு சேர்ந்து நாமும் சிரித்தோம். அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். இங்கேயும் கேட்கிறோம்.

உறவுகளே, கட்டுத்துவக்கு எங்கே கட்டியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்றே போய் அவிழ்க்கச் சொல்லுங்கள். பள்ளி நிர்வாகத்தார் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசச் செய்யுங்கள். கோயில், தேவாலயப் பெரியவர்களும் அவ்வாறே செய்வார்கள் என்று நம்புகிறோம். வயலுக்குப் பன்றித் தொல்லை உண்மை. அதற்குப் பத்திரம் உள்ள துவக்கு, வேலி, காவல், கமக்காரர் அமைப்பு வழியாக ஒன்றாகக் கேட்கும் நட்டஈடு என்று வழிகள் இருக்கின்றன. இரவில் கட்டிவிட்டுப் படுப்பது அந்த வழிகளில் ஒன்றல்ல.

வேட்டைக் கதை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் சிலர் எம்மோடு இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி உட்கார வையுங்கள். துவக்குப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அல்ல, எப்போது சுடாமல் திரும்பினார்கள் என்று கேட்க. நாமும் அவற்றை எழுதி வைக்க விரும்புகிறோம். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது பாடசாலைப் பக்கம் வந்து சொல்லுங்கள்.

அல்லாஹ் எமதூரையும் அதன் காட்டையும், அதில் நடக்கும் எல்லாக் கால்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.